போனை முதலில் வைக்காதவர்

"என்ன கொழம்பு வச்சிருக்க?"

அவர் குரலில் நான் முதலில் கேட்டது இதைத்தான். என்னிடம் அல்ல. போலீஸ் கட்டுப்பாட்டு அறையின் மூன்றாவது மேசையில், ரிசீவரை இடது காதில் அழுத்திக்கொண்டு, கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த யாரோ ஒருத்தியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"புளிக்கொழம்பா? என்ன போட்டு? கத்தரிக்காயா முருங்கக்காயா?"

நான் மாறுதல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆறு மாத வயிறு. காவல் நிலையத்தில் நின்றே கால் வீங்கிப்போனதால், லைட் டூட்டி என்று சொல்லி என்னை இந்த அறைக்கு அனுப்பியிருந்தார்கள். ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு வயக்காட்டு ஊரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்தாக வேண்டும். வந்த முதல் நாளே, டூட்டி நேரத்தில் ஒருத்தர் கொழம்புக் கதை பேசுவதைப் பார்க்க எனக்கு எரிந்தது. எனக்கு எப்போதுமே சட்டென்று எரியும். இதுதான் இவர்கள் வேலை பார்க்கிற லட்சணம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

பேசிக்கொண்டே அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, வயர்லெஸ் செட்டில் இருந்த காவலர் பக்கம் தள்ளினார். நான் எட்டிப் பார்த்தேன். 'உள்ளே பூட்டியிருக்கிறான். கையில் கத்தி. பின்வாசல் தாழ் இல்லை' என்று எழுதியிருந்தது. கத்தி வைத்திருந்தவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, அந்தப் பெண் தன் அக்காவிடம் பேசுவதாக நடித்துக்கொண்டிருந்தாள். வண்டி போய்ச் சேரும்வரை கொழம்பு, ரசம், அப்பளம் என்று பதினெட்டு நிமிடம் பேச்சு ஓடியது. பின்வாசல் வழியாக நம் ஆட்கள் உள்ளே போனதும் அந்தப் பெண் அழுதது எனக்கே கேட்டது. அப்போதும் அவர் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் வைத்தபிறகுதான் வைத்தார்.

அவர் தலைமைக் காவலர். எல்லோருக்கும் ஏட்டம்மா. பெயர் உண்டு, நான் சொல்லப்போவதில்லை. கடற்கரைக்காரர். ஞாயிற்றுக்கிழமை டூட்டி விழுந்தால் மட்டும் முணுமுணுப்பார், மாதா கோயில் பூசை போய்விடுமாம். டூட்டிக்கு உட்கார்ந்ததும் இடது காதுத் தோட்டைக் கழற்றி குண்டூசி டப்பாவில் போட்டுவிடுவார், ரிசீவர் அழுத்தும் என்று. அதனால் எட்டு மணி நேரமும் ஒற்றைத் தோட்டோடுதான் இருப்பார். இடது காது மடல் எப்போதும் சிவந்திருக்கும்.

போனை முதலில் வைக்கமாட்டார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான், மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம். அழைத்தவர் வைக்க வேண்டும், அல்லது போய்ச் சேர்ந்த போலீஸ்காரர் வாங்கிப் பேச வேண்டும். அதுவரை லைனில் இருப்பார். குடிகாரன் திட்டினாலும் இருப்பார். சின்னப்பிள்ளைகள் போனை அமுக்கிவிட்டுச் சிரித்தாலும் இருப்பார். "போன் காதுல இருக்குத வரைக்கும் அங்கன ஆளு இருக்கு. வச்சிட்டா இருக்காகளா இல்லையான்னு நமக்கு எப்பிடித் தெரியும்?" என்பார்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தினமும் பகல் பதினொரு மணிக்கு அழைப்பார். பக்கத்து வீட்டுத் தென்னைமட்டை அவர் முற்றத்தில் விழுகிறது என்று புகார். மட்டை விழுந்த நேரம், நீளம், விழுந்த கோணம் எல்லாம் சொல்வார். ஏட்டம்மா எல்லாவற்றையும் கேட்பார். ஒரு நாள் வாத்தியார் அழைக்கவில்லை. பதினொன்றரைக்கு ஏட்டம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டுக்கு ரோந்து வண்டியை அனுப்பிவிட்டார். அவர்கள் கதவை உடைக்காத குறையாகத் தட்டியபின், மட்டைக்குச் சொந்தக்காரரான பக்கத்து வீட்டுக்காரர் வந்து, வாத்தியார் மகன் வீட்டுக்கு மதுரை போயிருக்கிறார் என்று சொன்னார். ஒரு மாதம் ரோந்துக்காரர்கள் மைக்கில், "ஏட்டம்மா, மட்டை ஏதும் விழுந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

மெமோ வரும். அழைப்பை அளவுக்கு மீறி நீட்டித்ததற்கு விளக்கம் தரவும் என்று அறைப் பொறுப்பு எஸ்.ஐ. எழுதுவார். ஏட்டம்மாவின் பதில் எப்போதும் ஒரே வரி: 'அழைத்தவர் இன்னும் வைக்கவில்லை.' எஸ்.ஐ. கெட்டவர் இல்லை. மேலே பதில் சொல்ல வேண்டியவர். "இவங்க ஒரு லைனப் புடிச்சிட்டா மத்த நாலு லைனும் யாரு தலையில விழும்?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. விழுந்தது எங்கள் தலையில்தான்.

அப்படி ஏன் இருந்தார் என்று பலர் கேட்டதுண்டு. சொந்தத்தில் யாரையாவது இப்படிப் பறிகொடுத்திருப்பாரோ என்று நானும் துருவிப் பார்த்தேன். "ஒண்ணுமில்லளா. எனக்கு வைக்க வராது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்த அவர் வீட்டுக்காரர் ஒருநாள் சோற்றுப்பாத்திரம் கொண்டுவந்தபோது, ஏட்டம்மா முக்கால் மணி நேரமாக யாரிடமோ பேசுவதைக் கதவருகே நின்று பார்த்தார். "வீட்டுல எங்கிட்ட பத்து வார்த்த பேசமாட்டா. செல்போன அமத்திப் போட்டுட்டு சொவரப் பாத்து உக்காந்திருப்பா" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. 'எங்கே இருக்கிறீர்கள்' என்று கேட்கமாட்டார். பயந்துபோனவர்களுக்குத் தங்கள் தெருப்பேர்கூட வாயில் வராது. "ஒங்களுக்கு எதிர்ல என்ன தெரியுது?" என்று கேட்பார். பனைமரம் தெரியுது, பச்சைப் பெயின்ட் அடித்த வீடு தெரியுது, கோயில் கொடிமரம் தெரியுது. சுற்றுவட்டாரம் முழுவதும் அவருக்கு இப்படித்தான் மனதில் இருந்தது. கடைப் பலகை தெரிகிறது என்றால், அதில் எழுதியிருக்கிற போன் நம்பரையும் வாசிக்கச் சொல்வார். நம்பர் ஒருமுறை காதில் விழுந்தால் போதும், மறக்கமாட்டார்.

சேர்ந்த இரண்டாவது வாரம். ஓர் அழைப்பு வந்து, பேச்சு எதுவும் இல்லாமல் கட்டானது. கட்டான அழைப்புக்கு உடனே திரும்ப அழைக்க வேண்டும், நம்மை யார் என்று சொல்ல வேண்டும், விஷயத்தைக் கேட்டுப் பதிய வேண்டும். அதுதான் விதி. நான் நம்பரைப் போட்டேன். மணி அடிப்பதற்குள் ஏட்டம்மா மேசையைத் தாண்டிக் கையை நீட்டி அமுக்கிவிட்டார்.

"போலீசுன்னு சொல்லத்தான போற?"

"ரூல்ல அப்படித்தான இருக்குக்கா."

"எடுக்கது யாருன்னு ஒனக்குத் தெரியுமா? அவளா, அவள அடிக்கவனா?" என்றார். "ரூலு நம்மளக் காப்பாத்தும் ஏளா. அவளக் காப்பாத்துமா?"

பிறகு அவரே அழைத்தார். ஒரு ஆண் எடுத்தான். "மகளிர் குழுவுல இருந்து பேசுதேன். இன்னைக்கிக் கூட்டம் இருக்கு, அவகிட்ட குடுங்க" என்றார். அவன் முனகிக்கொண்டே கொடுத்தான். அவள் வாங்கியதும், "ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லும்மா" என்று ஆரம்பித்தார். இப்படி வாரத்துக்கு ஒன்றிரண்டு நடக்கும். கேஸ் கம்பெனி, பள்ளிக்கூடம், தையல் கடை என்று அவர் அவதாரம் எடுக்காத இடம் இல்லை. நான் ரசித்தேன். ஆனால் கற்றுக்கொள்ளவில்லை. ரசிப்பதும் கற்றுக்கொள்வதும் ஒன்றென்று நினைத்துவிட்டேன்.

பதிவான அழைப்புகளைக் கேட்டுப் பார்த்த எஸ்.ஐ.க்கு இது பிடிக்கவில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து பொய் சொல்லிப் பேசினால் நாளைக்குக் கோர்ட்டில் யார் நிற்பது என்று கேட்டு, இனி எல்லோரும் 'போலீஸ் கட்டுப்பாட்டு அறை' என்றே ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதி ஒட்டினார். என் பேறுகால விடுப்பு மனு அவர் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. ஒழுங்காக வேலை பார்க்கிற பிள்ளை என்று அவர் என்னைச் சொன்னது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் ஒளிக்க விரும்பவில்லை.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடன்குடிக்குத் தெற்கே ஒரு ஊர். சிவந்த தேரி மண்ணும் பனையுமாக இருக்கும். புருஷன் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். ஐந்து வயதில் ஒரு பெண்பிள்ளை. ஒரு மாதத்தில் மூன்று முறை அழைத்தாள், மூன்றும் ஏட்டம்மா மேசைக்குப் போயின. முதல் முறை, வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று கெஞ்சினாளாம். ஏற்கெனவே ஒருமுறை புகார் கொடுத்து, இருவரையும் உட்காரவைத்து சமாதானம் பேசி அனுப்பினார்களாம். அன்று சாயங்காலமே அவள் கையில் கொதிக்கிற எண்ணெயை ஊற்றினானாம்.

ஏட்டம்மா அந்த மூன்று அழைப்பையும் புகாராகப் பதியவில்லை. பதிந்தால் நிலையத்துக்குப் போகும், நிலையத்திலிருந்து ஒருவர் விசாரிக்கப் போவார், போனால் அவனுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக இருவரும் ஒரு திட்டம் போட்டார்கள். வரும் வியாழக்கிழமை விடியற்காலையில் அவன் லோடு ஏற்றி வெளிமாநிலம் போகிறான். திரும்ப நான்கு நாள் ஆகும். அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பதினொரு மணி பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஏட்டம்மாவுக்குச் சொல்ல வேண்டும். நடுவில் பேச முடியாமல் போனால், திரும்பக் கூப்பிடுவது மகளிர் குழு என்று அவனிடம் சொல்ல வேண்டும்.

"வியாழக்கெழம ஒரு பிள்ள கூப்பிடுவா. நீ எடுத்தன்னா எங்கிட்ட குடு" என்று என்னிடம் மட்டும் சொல்லிவைத்தார். நம்பர் சொல்லவில்லை. அவர் தலைக்குள் இருந்ததால் எங்கும் எழுதவும் இல்லை. அது அவர் செய்த பிழை என்று பிறகு பலர் சொன்னார்கள். நானும் சில நாள் அப்படிச் சொல்லிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலையிலேயே காற்று பேயாக அடித்தது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். லோடு ஏற்றுவது நின்றது, வாசலில் நின்ற லாரிகளையெல்லாம் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் செய்தியை வயர்லெஸ்ஸில் நாங்களே ஊர் முழுக்கச் சொன்னோம். சொன்ன எங்களுக்கு, திரும்பிப் போகிற லாரிகளில் ஒன்று எந்த வீட்டுக்குப் போகும் என்று உறைக்கவில்லை.

ஐந்து போனும் ஓயவில்லை. மரம் விழுந்தது, கம்பி அறுந்தது, ஓடு பறந்தது. பத்தரை மணிக்கு ஏட்டம்மாவுக்குக் கடலிலிருந்து அழைப்பு வந்தது. சங்கு குளிக்கப் போன வள்ளம், மூன்று பேர், எஞ்சின் நின்றுபோனது, தண்ணீர் ஏறுகிறது. பேசியவனிடம் இருந்தது பழைய பட்டன் போன். இருக்கிற இடத்தை அனுப்ப வழியில்லை. கரை தெரியும் தூரம்தான். ஆனால் எந்தக் கரை என்று தெரியாமல் கடலோரக் காவல் படகு எங்கே போகும்?

"தம்பி, ஒனக்கு எதிர்ல கரையில என்ன தெரியுது? கோயில் கோபுரமா? அதுக்கு வலப்பக்கம்? தண்ணித்தொட்டியா? ரெண்டுக்கும் நடுவுல எத்தன வெரக்கட எடம் இருக்குன்னு கைய நீட்டிப் பாத்துச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுகையால் வரைபடத்தில் கோடு போட்டார்.

என் மேசையில் மணி அடித்தது. எடுத்தேன். பேச்சில்லை. குக்கர் விசில் சத்தம் கேட்டது. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் ஒரு ஆண் குரல், "யாருக்குடி போன்?" என்றது. கட்டானது.

நான் உடனே திரும்ப அழைத்தேன்.

"யாரு?" என்றான் அவன். அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "குழுவுல இருந்துதான் கூப்பிடுவாவ, இங்கன குடுங்க" என்றது. எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்டபிறகுதான் நான் வாயைத் திறந்தேன். "வணக்கம், போலீஸ் கட்டுப்பாட்டு அறை. இந்த நம்பர்ல இருந்து எங்களுக்குக் கால் வந்திருக்கு" என்றேன்.

அவள் எனக்கு வழி எடுத்துக் கொடுத்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காலையிலிருந்து ஐம்பது அழைப்பு எடுத்த வாய், சுவரில் ஒட்டியிருந்ததைச் சொல்லிவிட்டது. அந்தக் குரல் அந்த நொடியில் எனக்கு ஏதோ வீட்டுப் பேச்சாகத்தான் பட்டது. இதைத் தவிர எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

அவன் மிக மரியாதையாகப் பேசினான். "அப்படியா மேடம், பிள்ள போன வச்சி வெளாண்டிருக்கும். மன்னிச்சிக்கிடுங்க" என்றான். வைத்தான். 'தவறுதலான அழைப்பு, குழந்தை' என்று நான் பதிந்தேன். ஒரு நிமிடத்துக்குள் முடித்ததில் எனக்குத் திருப்தி. அடுத்த போனை எடுத்தேன்.

பத்து நிமிடம் கழிந்திருக்கும். வரைபடத்திலிருந்து நிமிர்ந்த ஏட்டம்மாவின் கண் என் கணினித் திரையில் நின்றது.

"அந்த நம்பரு எப்ப வந்துச்சு?"

சொன்னேன்.

"திரும்பக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன்க்கா. ஆம்பள எடுத்தாரு."

"என்ன சொன்ன?"

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்தது. காதிலிருந்த ரிசீவரை எடுத்து என் காதில் வைத்து அழுத்தினார். நான் பார்த்து அவர் ஒரு லைனை விட்டது அந்த ஒருமுறைதான். "இவன விட்ராத. பேசிக்கிட்டே இரு. கோபுரமும் தொட்டியும் கிட்டக்கிட்ட வருதா, வெலகுதான்னு மட்டும் கேட்டுக்கிட்டே இரு" என்றார்.

அதன்பின் என் ஒரு காதில் கடலும் மறு காதில் ஏட்டம்மாவும் இருந்தார்கள்.

"அக்கா, நீங்க யாரு? முந்தி பேசுன அக்கா எங்க?" என்றான் வள்ளத்துக்காரன். "தண்ணி எறைக்க முடியலக்கா. கை ஓஞ்சிட்டு."

"இருக்காக தம்பி. கோபுரம் தெரியுதா?" என்றேன்.

ஏட்டம்மா மைக்கில் உடன்குடி ரோந்தைக் கூப்பிட்டார். ரோட்டில் பனை விழுந்து கிடக்கிறது, வண்டி தாண்டாது என்றார்கள். நிலையத்து ஜீப், கடற்கரைக் குடிசைகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. "மரத்தத் தாண்டி ஓடுங்கய்யா. எதுக்க வார பைக்க மறிச்சி ஏறுங்க. ஒரு உசுருய்யா, ஒரு உசுரு" என்றார். மைக்கில் அப்படியெல்லாம் பேசக் கூடாது. வயர்லெஸ் காவலர் ஒதுங்கி இடம் விட்டார்.

பிறகு ஒரு நம்பரைப் போட்டார். அவள் வீட்டுக்கு எதிரே மாவு மில் இருந்தது. ஜன்னல் வழியாகத் தெரிகிற பலகையில் இருந்த நம்பரை முதல் அழைப்பிலேயே அவளை வாசிக்கச் சொல்லியிருந்தார். மில்காரரின் குரல், பெல்ட் ஓடுகிற சத்தத்தைத் தாண்டி ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

"அண்ணாச்சி, எதுத்த வீட்டுக் கதவத் தட்டுங்க. உள்ள போவாண்டாம். வாசல்ல நின்னாப் போதும். அடுத்த ஆளு நிக்கான்னு அவனுக்குத் தெரியணும்."

"அது புருசன் பொண்டாட்டி சமாச்சாரம்லாம்மா. நாம எப்பிடி? அவன் ஒரு மாதிரி ஆளு."

"ஒங்க கால்ல விழுந்து கேக்கேன் அண்ணாச்சி. மாவு அரச்சாச்சுன்னு சொல்லித் தட்டுங்க."

"அந்தப் பிள்ளதான் அரிசியக் கொண்டாந்துட்டு இங்கன நிக்கி. ஆத்தாக்காரி அப்பமே அனுப்பிட்டா."

ஏட்டம்மா ஒரு நொடி கண்ணை மூடினார். லாரி திரும்பி வந்ததைப் பார்த்ததும் அவள் செய்த முதல் காரியம், அரிசியைக் கொடுத்து பிள்ளையை வெளியே அனுப்பியது. அதன்பிறகுதான் எங்களுக்கு அழைத்திருக்கிறாள். பிள்ளை போனை வைத்து விளையாடியது என்று அவன் சொன்னபோது, வீட்டில் பிள்ளையே இல்லை.

"பிள்ளைய விட்ராதீங்க. என்ன ஆனாலும் வீட்டுக்கு அனுப்பாதீங்க. நீங்க போய்த் தட்டுங்க. போன வைக்காதீங்க, அப்படியே போட்டுட்டுப் போங்க."

மில்காரர் போனார். பெல்ட் சத்தம் மட்டும் கேட்டது. என் காதில் வள்ளத்துக்காரன், "சிலுவ தெரியுது, கோபுரம் மறையுதுக்கா" என்று அழுதான். நான் அதைத் திரும்பச் சொல்ல, வயர்லெஸ் காவலர் கடலோரப் படகுக்குச் சொன்னார். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. வயிற்றில் பிள்ளை முட்டிக்கொண்டே இருந்தது.

மில்காரர் திரும்பி வந்தார். "தட்டினேன்மா. டிவி பெருசா ஓடுது. அவ ஒறங்குதா, பொறவு வாங்கன்னு உள்ள இருந்தே சொல்லுதான்."

"அவ சத்தம் கேட்டுச்சா?"

"இல்லம்மா."

"இன்னொருக்கா போங்க. நாலு பேரக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"காத்தும் மழையுமா கெடக்கு, நாலு பேருக்கு எங்கம்மா போக? வண்டி வரும்லா?" என்றார். வைத்துவிட்டார். ஏட்டம்மா மறுபடி அழைத்தார். மறுபடி. மறுபடி. அவர் எடுக்கவே இல்லை. பிள்ளையை மட்டும் அவர் அந்த வீட்டுக்கு அனுப்பவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

எல்லா போனும் அடித்துக்கொண்டிருக்க, ஏட்டம்மா எந்த லைனும் இல்லாமல் நின்றார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. இரண்டு கையும் சும்மா தொங்கின. யாரோடும் பேச முடியாத அந்தச் சில நிமிடங்களில் அவருக்கு ஐந்தாறு வயது கூடிப்போனது.

பன்னிரண்டரைக்குக் கடலோரப் படகு வள்ளத்தைப் பிடித்தது. மூன்று பேரும் உயிரோடு ஏறினார்கள். "அக்கா, வந்துட்டாவ, வந்துட்டாவ" என்று அவன் கத்தியது என் காதை அடைத்தது. ஏறக்குறைய அதே நேரத்தில், மழையில் நனைந்து ஓடிப் போன இரண்டு காவலர்கள் அந்த வீட்டுக் கதவை உடைத்தார்கள். அவளுக்கு மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், விழுந்து கிடந்த அந்தப் பனையைத் தாண்டித் தூக்கி வரும்போது அது நின்றுபோனது. மைக்கில் சொன்ன காவலர் சின்னப் பையன், சொல்லி முடிக்கத் திணறினான்.

அடுத்த போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

"எடுளா" என்றார் ஏட்டம்மா. "இது வேற ஒருத்தி."

விசாரணை வந்தது. நான் செய்ததெல்லாம் விதிப்படி இருந்தது. உடனே திரும்ப அழைத்திருக்கிறேன், யார் என்று சொல்லியிருக்கிறேன், பதிந்திருக்கிறேன். மூன்று அழைப்பைப் புகாராகப் பதியாமல் வைத்திருந்தவர் ஏட்டம்மா. நான் எழுந்து, அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார் சார், நான்தான் கேட்கவில்லை என்று சொல்லப் போனேன். ஏட்டம்மா மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார். வெளியே வந்ததும், "வயித்துப்பிள்ளக்காரி, பேசாம இரு. ரெண்டு பேரு போயி என்ன செய்ய?" என்றார். திரும்ப அழைத்தபோது நான் பேசியதன் பதிவை யாரும் கேட்கவும் இல்லை. விதிப்படி நடந்ததை யார் கேட்கப்போகிறார்கள்?

என் விடுப்பு கையெழுத்தானது. மூன்று மீனவர்களைக் காப்பாற்ற லைனில் நின்றதற்காக எனக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். கூட்டத்தில் கைதட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருக்கத் தைரியம் வேண்டும், எனக்கு அது இல்லை. ஏட்டம்மாவை வேறு ஊருக்கு, கருவூலக் காவலுக்கு மாற்றினார்கள். துப்பாக்கியோடு கதவுக்கு முன்னால் நிற்கிற வேலை. அங்கே போன் கிடையாது.

அவர் கிளம்பிய அன்று பஸ் நிலையத்துக்குப் போனேன். எட்டு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஏன் வந்தாய் என்று திட்டினார். உப்பைக் குறை, காலைத் தொங்கப் போடாதே என்று சொன்னார். அந்தப் பிள்ளை பெரியம்மா வீட்டில் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள் என்றார். நான் காத்திருந்தேன். உன்னால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்குத் தேவலை என்று இருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உரிமை இருந்தது அவருக்கு மட்டும்தான்.

பஸ் கிளம்ப உறுமியபோது கேட்டார்.

"ஏளா, அன்னைக்கி நீ கூப்பிட்டப்ப, பின்னால அவ சத்தம் ஏதும் கேட்டுச்சா?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லிக் கொடுத்ததை அவள் நினைவு வைத்திருந்தாளா, அதைச் சொல்லிப் பார்த்தாளா என்று கேட்கிறார். ஆமாம் என்றால், காலம் முழுக்க அதை வைத்துக்கொண்டு அந்தக் கதவுக்கு முன்னால் நிற்பார்.

"இல்லக்கா" என்றேன். "ஒண்ணும் கேக்கல. அவரு மட்டுந்தான் பேசுனாரு."

அவர் நம்பினார் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் இருபது வருடம் குரலை மட்டுமே கேட்டு, யார் பயப்படுகிறார்கள், யார் பொய் சொல்கிறார்கள் என்று பிரித்தவர்.

"அப்ப சரிளா" என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.